லாலியின் படையும் எம்-சீல் தலைப்பாகையும்

பணி ஓய்வுக்குப் பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று யாராவது கேட்டால், "ஏதோ போகுது" என்று சொல்லிவிடுவது என் வழக்கம். உண்மையைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம். எழுபத்து நாலு வயதில் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து, ஓர் அங்குல உயரமுள்ள பிளாஸ்டிக் சிப்பாய்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறேன். பத்து வருடமாக இதுதான் வேலை. அவர்கள் 1758-ல் காரைக்காலிலிருந்து தஞ்சாவூருக்கு வந்து, கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிப் போன பிரெஞ்சுப் படை.

நான் பிறந்து வளர்ந்தது காரைக்கால். எழுத்தராக வேலை பார்த்ததும் அங்கேதான். ஓய்வு பெற்றபின் மனைவியின் ஊரான தஞ்சாவூரில் குடியேறினேன். லாலி வந்த வழியிலேயே நானும் வந்தவன். அவர் பீரங்கியோடு வந்தார், நான் பென்ஷன் புத்தகத்தோடு வந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பொம்மை வேலையில் கை தேறத் தேற, பள்ளிக்கூடத்தில் படித்த சரித்திரம் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போனது. அதைத்தான் இன்று எழுத நினைக்கிறேன்.

காகிதச் சொல்தாக்கள்

காரைக்கால் 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்துவிட்டது. சட்டப்படி மாற்றம் முழுமையானது 1962 ஆகஸ்ட் 16-ல். நடுவில் இருந்த அந்த எட்டு வருடத்தில்தான் என் பிரெஞ்சுப் பள்ளிப் படிப்பு தொடங்கியது. நன்றாக ஒப்பித்தால் ஆசிரியர் ஒரு சின்ன அட்டை கொடுப்பார். அதற்கு 'பொன் புவான்' என்று பெயர். அட்டைகள் சேர்ந்தால் ஒரு படம் பரிசு. எனக்கு ஒருமுறை கிடைத்தது வரிசை வரிசையாகச் சிப்பாய்கள் அச்சிட்ட ஒரு தாள். கத்தரித்து, அட்டையில் ஒட்டி நிறுத்த வேண்டும். அதிகச் சோறு போட்டுப் பிசைந்த பசையால் ஒட்டி அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைச் 'சொல்தா' என்போம். சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்தான் அப்படி மருவிவிட்டது. எங்கள் தெருவில் இந்தோசீனா போய் வந்த ஒரு சொல்தா தாத்தா இருந்தார். என் காகிதப் படையைப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்கடா இருக்கேன்?" என்று கேட்டார். தாளில் எல்லோரும் ரோஜா நிறத்தில் இருந்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்தத் தாள்களுக்கு ஒரு வரலாறு உண்டு. பிரான்சின் கிழக்கே எப்பினால் என்ற ஊரில் பெல்லரன் என்பவர் 1796-ல் படம் அச்சிடும் தொழிலைத் தொடங்கினார். சாமி படம், கதைப் படம், நெப்போலியன் படம் எல்லாம் அங்கிருந்து நாடு முழுக்கப் போயின. வெட்டி நிறுத்தும் சிப்பாய்களும் அவற்றோடு போனார்கள். ஜெர்மனியில் நூரம்பெர்க் பக்கம் வெள்ளீயத்தில் தட்டையான சிப்பாய்களை வார்த்தார்கள். அங்கே ஹைன்ரிக்சன் என்ற தொழிலகம் 1839-ல் தொடங்கியது. ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் என்று ஓர் அளவை அவர்கள் பழக்கப்படுத்திய பிறகு, ஒருவர் செய்த சிப்பாயை மற்றவர் செய்ததோடு சேர்த்து நிறுத்த முடிந்தது. இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் 1893-ல் உள்ளே கூடாக வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். ஈயம் குறைந்தது, விலையும் குறைந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொம்மை நடுத்தர வீடுகளுக்கும் வந்தது.

இதை வைத்துப் போர் விளையாடுவது தனிக் கதை. பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1824-ல் வரைபடமும் பகடையும் வைத்து ஒரு போர் விளையாட்டை அமைத்தார். அது அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே ஆகிவிட்டது. ஹெச்.ஜி. வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகம் எழுதி, தரையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி விளையாடப் பெரியவர்களுக்கு விதி வகுத்துக் கொடுத்தார். பெரிய போரைவிட இந்தச் சின்னப் போர் எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. அடுத்த வருடமே முதல் உலகப் போர் மூண்டது.

நம் பக்கம் இந்தப் பழக்கம் இல்லை என்று நினைக்க வேண்டாம். கொலுப் படியில் பேண்டு செட்டும் போலீஸ் செட்டும் நிற்கவில்லையா? கிராமத்து அய்யனார் கோயில்களில் துப்பாக்கியும் தொப்பியுமாகச் சுதைச் சிப்பாய்கள் காவல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மரப்பாச்சிக்குத் துணி கட்டி, மணி கோத்துப் போட்டு, ஒரு வருடம் ராஜா ராணியாகவும் மறு வருடம் மாப்பிள்ளை பெண்ணாகவும் மாற்றுகிறோமே, வெளிநாட்டுப் பொழுதுபோக்குக்காரர்கள் 'கன்வர்ஷன்' என்று சொல்வது இதைத்தான். கடையில் வாங்கிய உருவை வெட்டி ஒட்டி வேறு ஆளாக்குவது.

மோர்ப் பதம்

நான் தொடங்கியது தற்செயலாக. பெங்களூருப் பேரன் ஒரு பெட்டிச் சிப்பாய்களை வாங்கி, நாலு பேருக்கு வண்ணம் பூசிவிட்டு அலுத்துப் போனான். "தாத்தா, நீங்களே வச்சுக்குங்க" என்று விட்டுப் போய்விட்டான். ஏழாண்டுப் போர்க் காலத்துக் காலாட்படை, 72-ல் ஒரு பங்கு அளவு. வீட்டில் ஜன்னல் கம்பிக்கு வாங்கிய எனாமல் பெயின்ட் மிச்சம் இருந்தது. அதை எடுத்துப் பூசினேன். முகமும் கழுத்தும் பொத்தானும் ஒன்றாகி, வெல்லப்பாகில் விழுந்த எறும்பு மாதிரி ஆனான் என் முதல் வீரன். மறுநாள் தொட்டதும் பெயின்ட் தோலாக உரிந்து வந்தது.

தஞ்சாவூரில் இருந்துகொண்டு பொம்மைக்கு வண்ணம் பூசத் தெரியவில்லை என்றால் வெட்கக்கேடு. புன்னைநல்லூர் மாரியம்மன் கோயில் பக்கம் தலையாட்டி பொம்மை செய்யும் ஒருவரிடம் போனேன். எனக்கு மகன் வயது இருக்கும். தலையாட்டி பொம்மைக்கு 2008-09-ல் புவிசார் குறியீடு கிடைத்தது ஊருக்கே தெரியும். அதைச் செய்கிறவர் ஒரு நாளைக்கு எத்தனை முகம் எழுதுகிறார் என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

என் சிப்பாயை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "அய்யா, பெயின்ட்டக் கொழம்பா வச்சிருக்கீங்க. நீர்மோரு மாதிரி இருக்கணும். ஒரு தடவை கெட்டியாப் பூசுறதுக்கு மூணு தடவை மெலிசாப் பூசுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு இரண்டு வருட அனுபவத்துக்குச் சமம். அவரிடம் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கழுவ வேண்டும். பிளாஸ்டிக் வார்ப்பில் எண்ணெய்ப் பசை இருக்கும். சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து உலர்த்த வேண்டும். அடுத்து அடிப்பூச்சு. அவர் பொம்மை முழுக்க வெள்ளை அடித்துக் காயவிட்ட பிறகுதான் வண்ணத்தைத் தொடுவார். வளையும் பிளாஸ்டிக்குக்கு நான் தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு கை பூசி, அதன்மேல் வெள்ளை அடிக்கிறேன். உரிவது நின்றது. மூன்றாவது, உருவைக் கையால் பிடிக்கக் கூடாது. பாட்டில் மூடியில் ஒட்டி, மூடியைப் பிடித்துத் திருப்ப வேண்டும். நான்காவது, அடிப்பாகத்தில் கனம். தலையாட்டி பொம்மையை எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நிற்பது அடியில் இருக்கும் களிமண்ணால். நான் ஒவ்வொரு வீரன் காலடியிலும் ஓர் இரும்பு வாஷர் ஒட்டுகிறேன். ஃபேன் காற்றுக்குக்கூடச் சாய்ந்துகொண்டிருந்தவர்கள் இப்போது அசைவதில்லை.

ஐந்தாவது, கண். பொம்மைக்காரர் கண்ணை எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில்தான் திறப்பார். அது சம்பிரதாயம். நானும் அப்படியே முயன்றேன். கடுகில் பாதி அளவு கண்ணில் வெள்ளையும் கறுப்பும் வைத்தால் எல்லா வீரர்களும் பேய் பார்த்தவர்கள் போல விழித்தார்கள். "இத்தனூண்டு மொகத்துல கண்ணு எழுதாதீங்க. பள்ளத்துல நெழல விடுங்க. கை நீட்டுற தூரத்துலேர்ந்து பார்த்தா அதுவே கண்ணாத் தெரியும்" என்றார். மெல்லிய கரும்பழுப்பு நீரைக் கண் குழியில் ஒரு சொட்டு விட்டேன். வீரன் என்னைப் பார்த்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. வெளிநாட்டுப் பெயின்ட் குப்பிகளில் 'சதை நிறம்' என்று வருவது ரோஜா நிறம். என் படையில் பாதிப் பேர் தமிழர்கள். அவர்களுக்கு என்ன நிறம் கலப்பது என்று கேட்டேன். தன் பொம்மை வரிசையைக் காட்டினார். எல்லாம் சிவந்த மேனி. "கறுப்பாப் பூசினா விக்காதுங்க அய்யா" என்றார். அவர் பிழைப்பு அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் என் சொல்தா தாத்தா கேட்ட கேள்வி அன்றைக்கு மறுபடி காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து என் முழங்கையையே மாதிரியாக வைத்துக் கலந்தேன். செங்காவியும் மஞ்சள் காவியும், துளி நீலம். வெளிச்சம் படும் இடத்துக்கு வெள்ளை சேர்த்தால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிறது. வெள்ளைக்குப் பதில் ஆரஞ்சும் மஞ்சளும் சேர்த்தால் வெயிலில் நிற்கிற உடம்பு வருகிறது. இதற்கு ஒரு வருடம் ஆயிற்று. நடுவில் 2019-ல் கண்புரை ஆபரேஷன் ஆனது. கட்டைப் பிரித்துவிட்டு என் படையைப் பார்த்தேன். வெள்ளை என்று நான் பூசியிருந்ததெல்லாம் நீலம் தூக்கலாக இருந்தது. புரை மூடிய கண்ணுக்கு எல்லாம் பழுப்பாகத் தெரிய, அதை ஈடுகட்ட என்னை அறியாமல் நீலத்தைக் கூட்டியிருக்கிறேன். முப்பது பேரைத் திரும்பப் பூசினேன்.

எந்த நிறச் சட்டை?

இனி லாலி. தோமா ஆர்தர் லாலி, அயர்லாந்துத் தகப்பனுக்குப் பிரான்சில் பிறந்தவர். 1758 ஏப்ரல் 28-ல் புதுச்சேரியில் இறங்கினார். ஜூன் 2-ல் கடலூருக்குப் பக்கத்தில் ஆங்கிலேயரின் டேவிட் கோட்டையைப் பிடித்தார். அடுத்தது சென்னைதான், ஆனால் கையில் காசில்லை. தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் 1749-ல் நெருக்கடியில் 56 லட்சம் ரூபாய்க்குச் சந்தா சாகிபுக்கு எழுதிக் கொடுத்த ஒரு பத்திரம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அதை வசூலிக்கப் புறப்பட்டார். எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பழைய பாக்கி வசூலுக்கு இத்தனை பீரங்கியோடு போன ஆளை நான் கேள்விப்பட்டதில்லை.

ஏறத்தாழ 1,600 ஐரோப்பியக் காலாட்கள், அதற்கு மேல் சிப்பாய்கள். ஒரு பொம்மைக்கு 20 பேர் என்று கணக்கு வைத்து, 80 ஐரோப்பிய வீரர்களைச் செய்வதாகத் திட்டம். பிரெஞ்சுக்காரன் என்றால் நீலச் சட்டை என்று பள்ளியிலிருந்தே மனதில் பதிந்திருந்தது. இருபது பேருக்கு நீலம் பூசி முடித்த பிறகுதான் அந்தக் காலச் சீருடைகளைத் தேடிப் படித்தேன். நெப்போலியன் காலத்து நீலம் அரை நூற்றாண்டு பிந்தியது. 1758-ல் பிரெஞ்சு மன்னரின் காலாட்படைக்குப் பெரும்பாலும் சாம்பல் கலந்த வெள்ளைச் சட்டை. லாலி தன்னோடு கூட்டி வந்த, அவர் பெயரே தாங்கிய ரெஜிமென்ட் ஐரிஷ்காரர்களுடையது. அவர்களுக்குச் சிவப்புச் சட்டை, பச்சை மடிப்பு. சிவப்பு என்றால் ஆங்கிலேயன் என்று படித்து வளர்ந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இருபது பேரையும் திரும்பக் கழுவினேன்.

சிப்பாய்கள் விஷயம் இதைவிடச் சிக்கல். கடையில் கிடைக்கும் பெட்டிகளில் ஐரோப்பியர்கள் மட்டுமே. அவர்களிலிருந்துதான் தமிழனைச் செய்தாக வேண்டும். முக்கோணத் தொப்பியைச் சீவி எடுத்தேன். எம்-சீலை இரண்டு பாகமும் பிசைந்து, புழு மாதிரி உருட்டி, தலையில் சுற்றி, ஊசி முனையால் மடிப்புக் கீறித் தலைப்பாகை கட்டினேன். முதல் பத்துத் தலைப்பாகையும் தோசைக் கல்லில் ஒட்டிய மாவு மாதிரி இருந்தன. கையை ஈரமாக வைத்துக்கொள்ள வேண்டும், எம்-சீல் பாதி இறுகிய பிறகு கீற வேண்டும் என்பது பதினொன்றாவதில் புரிந்தது.

என்ன உடை? 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனி துரைகளுக்காக வரைந்த சிப்பாய் படங்கள் சில லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சிவப்புச் சட்டை, உயர்ந்த நீலத் தலைப்பாகை, தொடை வரை வெள்ளை அரைக்கால் சட்டை, வெறுங்கால், செருப்பு. நம் ஊர்க்காரர்கள் வரைந்தது என்ற பெருமையில் அதைப் பார்த்தே இருபது சிப்பாய்களை முடித்தேன். பிறகுதான் உறைத்தது. அந்தப் படங்கள் ஆங்கிலேயர் படையைப் பற்றியவை, காலமும் பிந்தியது. 1758-ல் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு ஒரே சீருடை கிடையாது. அவரவர் நாட்டு உடை, தலைப்பாகை, இடுப்புக் கச்சை, கையில் துப்பாக்கி. மூன்றாம் முறையும் கழுவினேன். என் மனைவி, "சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு பைலையும் இப்படித் திரும்பத் திரும்ப எழுதினதில்லையே நீங்க" என்றாள்.

புத்தகம் படிப்பவன் 'சிப்பாய்கள் சென்றனர்' என்று கடந்து போய்விடலாம். தூரிகையைப் பிடித்தவனால் முடியாது. கச்சை என்ன நிறம், காலில் செருப்பு இருந்ததா, அதற்குப் பதில் தெரியாமல் அடுத்த சொட்டை வைக்க முடியாது.

உலக்கை

நானும் வங்கியில் ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் படையை வைத்து விளையாடுகிறோம். பகடைக்குப் பதில் பித்தளைத் தாயக்கட்டை. அவர் தஞ்சாவூர்த் தளபதி மானோஜி, நான் லாலி. ஆரம்பத்தில் பத்து ஆட்டத்தில் எட்டு ஆட்டம் நான் ஜெயித்தேன். உண்மையில் தோற்ற படை மேஜையில் ஜெயித்துக்கொண்டே இருந்தால் விதியில் ஏதோ தப்பு என்று நண்பர் பிடிவாதம் பிடித்தார்.

அப்போதுதான் ராபர்ட் ஓர்ம் எழுதிய வரலாற்றைத் திரும்பப் படித்தேன். அதன் இரண்டாம் தொகுதி 1778-ல் லண்டனில் வெளிவந்தது. லாலியின் படை சோற்றுக்குப் பட்ட பாடு அதில் இருக்கிறது. வண்டி மாடு போதவில்லை. கொள்ளிடக் கரையில் தேவிக்கோட்டைக்கு வந்தபோது அங்கே நெல் இருந்தது. குத்தி அரிசியாக்கித் தர ஆள்தான் இல்லை. பசித்த சிப்பாய்கள் ஆத்திரத்தில் கோட்டைக்குள் இருந்த குடிசைகளுக்கே தீ வைத்தார்கள். நெல் விளைகிற பூமியில், குதிர் நிறைய நெல்லை வைத்துக்கொண்டு ஒரு படை பட்டினி கிடந்திருக்கிறது. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெல்லைக் கடித்துச் சாப்பிட முடியுமா?

வெல்ஸின் விதியிலும் சரி, இன்றைய போர் விளையாட்டு விதிகள் பலவற்றிலும் சரி, துப்பாக்கி எத்தனை அங்குலம் சுடும், குதிரை எத்தனை அங்குலம் ஓடும் என்று இருக்கும். அரிசி யார் குத்துவது என்று இருக்காது. நாங்கள் ஒரு நெல் விதி சேர்த்தோம். குத்துகிற ஆட்கள் மேஜையில் இருந்தால்தான் படைக்கு அன்றைய சாப்பாடு. கிராமத்துப் பக்கம் படை போனால் தாயம் உருட்ட வேண்டும். எண் குறைந்தால் ஊர் மக்கள் மேஜையை விட்டே ஓடிவிடுவார்கள். அதன் பிறகு நான் ஜெயித்த ஆட்டம் மிகக் குறைவு.

விதி வந்துவிட்டது, உருக்கள் இல்லை. நெல் குத்தும் பெண்ணை எந்த ஊரில் பெட்டியில் போட்டு விற்கிறார்கள்? மிச்சமிருந்த வீரர்களைக் கொட்டிப் பார்த்தேன். துப்பாக்கிக் குழாயில் மருந்தைத் திணிக்கும் சிப்பாய் ஒருவன் ஒவ்வொரு பெட்டியிலும் இருப்பான். நிமிர்ந்து நின்று, கையை உயர்த்தி, கம்பியை நட்டுக்குத்தாகப் பிடித்திருப்பான். அதே நிலைதான்! துப்பாக்கியைச் சீவினேன். கம்பிக்குப் பதில் ஈர்க்குச்சி, நடுவில் சற்றுச் சீவியது. உலக்கை ஆயிற்று. சட்டை வாலைச் சீவி, எம்-சீலைத் தட்டித் தகடாக்கிக் கொசுவம் வைத்தேன். கொண்டை ஒரு கடுகு. பட்டாணி உருண்டையில் பென்சில் முனையால் குழி வைத்து உரல். அப்படி ஆறு பெண்கள், தலையில் மூட்டையோடு பத்துச் சுமைகூலிகள், மாட்டோடு ஒரு வண்டிக்காரர். என் கையில் வந்தவற்றுள் நன்றாக அமைந்தவை இவைதான். அதிகாரிகளின் சரிகைப் பட்டையெல்லாம் இவர்கள் பக்கத்தில் நிற்க முடியாது.

லாலி ஜூலை 18-ல் தஞ்சாவூர் எதிரில் முகாமிட்டார். ஆகஸ்ட் 2-ல் பீரங்கிகள் சுடத் தொடங்கின. சுவரில் உடைப்பும் விழுந்தது. இதற்குள் திருச்சியிலிருந்து ஆங்கிலேயர் அனுப்பிய சிப்பாய்கள் கோட்டைக்குள் வந்திருந்தார்கள். ஆகஸ்ட் 3-ல் கடலில் பொக்காக்கின் கப்பல்களோடு நடந்த சண்டையில் பிரெஞ்சுத் தளபதி தாஷேவின் கப்பல்கள் அடிபட்டன, காரைக்காலுக்கே ஆபத்து என்று செய்தி வந்தது. மருந்தும் தீர்ந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 10 காலையில் குதிரைக்காரர்கள் 50 பேர், உங்களோடு சேர வந்திருக்கிறோம் என்று முகாமுக்குள் நுழைந்தார்கள். அவர்களில் ஒருவர் லாலியின் மேலேயே வாளை வீச, லாலி கைத்தடியால் தடுத்துத் தப்பித்தார். மானோஜியின் படையும் வெளியே பாய்ந்தது. அன்றிரவே முற்றுகையைக் கைவிட்டுப் புறப்பட்டார்கள். வழியெல்லாம் தஞ்சாவூர்க் குதிரைப்படை விரட்ட, பசியும் தாகமுமாக ஆகஸ்ட் 18-ல் காரைக்கால் போய்ச் சேர்ந்தார்கள். என் மேஜையில் லாலியின் கையில் வாள் கிடையாது, அரை அங்குல ஈர்க்குச்சித் தடிதான்.

கீழ்வேளூர்

பள்ளிக்கூடத்தில் லாலி எங்களுக்கு ஒரு துயர நாயகன். புதுச்சேரியை இழந்து, துரோகி என்று பழி சுமத்தப்பட்டு, 1766 மே 9-ல் பாரிசில், பேசிவிடாதபடி வாயைக் கட்டிக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். அது அநியாயம் என்று வால்தேர் எழுதினார். 1778-ல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. ஆசிரியர் இதைச் சொல்லும்போது அவர் குரலும் கம்மும், எங்களுக்கும் கண் கலங்கும். அந்தத் தீர்ப்பு அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அதே லாலி தஞ்சாவூர் வரும் வழியில் கீழ்வேளூரில் தங்கினார். கோயிலைச் சூறையாடி, குளங்களை அரித்து, புதையல் தேடினார்கள். கிடைத்த விக்கிரகங்கள் பொன் இல்லை. கோயிலைச் சுற்றியே நின்ற பிராமணர்கள் ஆறு பேரை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். இதுவும் ஓர்மின் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரத்தில் நடந்தது. அந்த ஆறு பேருக்கு விசாரணையும் இல்லை, பின்னால் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி எழுத ஒரு வால்தேரும் இல்லை. பிரான்சில் ஒருவர் தலை போனதற்கு அழுத எனக்கு, பக்கத்து ஊர்க் கதை அறுபது வயதுக்கு மேல் தெரிய வந்தது.

நண்பர் ஒருமுறை, "கீழ்வேளூரையும் பண்ணிடலாமே, முழுசா இருக்கும்" என்றார். பீரங்கி இருந்தது. ஆட்களைச் செய்யும் அளவுக்குக் கையும் இப்போது தேறியிருக்கிறது. தலையைச் சீவிக் குடுமி வைப்பது தலைப்பாகையைவிடச் சுலபம். ஒரு வாரம் மேஜைக்கே போகவில்லை. பிறகு கீழ்வேளூருக்குப் பஸ் ஏறினேன். கேடிலியப்பரைக் கும்பிட்டு, குளத்தங்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பையன்கள் குதித்து நீந்திக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து அந்தப் பீரங்கியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். எங்கள் ஆட்டத்தில் லாலிக்கு ஒரு பீரங்கி எப்போதும் குறைவு. ஏன் என்று கேட்பவர்களுக்குக் காரணம் சொல்வேன்.

போன நவராத்திரியின்போது மனைவி கொலுவுக்குக் கீழே தரையில் மணலைக் கொட்டி, வெந்தயம் முளைக்கவிட்டுக் கிராமம் அமைத்தாள். என் படையிலிருந்து ஏதாவது வைக்கலாமா என்று தயங்கிக் கேட்டேன். எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"சொல்தாவெல்லாம் வேணாங்க. நெல்லுக் குத்துறாங்களே, அவங்கள மட்டும் குடுங்க."

ஆறு பெண்களையும் எடுத்துக் கொடுத்தேன். வெந்தயப் பயிர் ஓரத்தில் நிறுத்தினாள். வந்தவர்களெல்லாம் சுண்டல் வாங்கிக்கொண்டு, "எந்த ஊரு பொம்மை மாமி? ரொம்ப லட்சணமா இருக்கே" என்று கேட்டார்கள். மனைவி என் பக்கம் கையைக் காட்டினாள்.